விதையில்லாச் செடி

ரமழான் மாதத்தில் அஸர் தொழுகைக்குப் பின் எங்கள் காயல்பட்டினத்தின் முடுக்குகளில் நடந்து சென்றால், எந்த வீட்டு அடுப்பில் என்ன இருக்கிறது என்பதைக் கேட்காமலே அறிந்து கொள்ளலாம். வீடுகளுக்கிடையே பெண்கள் போய்வருவதற்கென்று எங்கள் முன்னோர் விட்டு வைத்த குறுகிய சந்துகளுக்குத்தான் முடுக்கு என்று பெயர். ஒரு வீட்டிலிருந்து வெந்தயமும் பூண்டும் அரிசியோடு குழையும் மணம் வரும். இன்னொரு வீட்டில் எண்ணெயில் வாடா பொரியும். இவற்றினூடே, புதிதாய் வடித்த நல்லரிசிச் சோற்றையும் காய்ச்சிய பாலையும் ஒருசேர நினைவூட்டும் மென்மையான மணமொன்று மிதந்து வரும். அதுதான் ரம்பை இலையின் மணம்.

நான் பெண்கள் மதரஸா ஒன்றில் இருபது ஆண்டுகளாக ஓதிக் கொடுத்து வருபவள். கல்லூரியில் வரலாறு படித்துப் பட்டம் பெற்றவள். சமையற் கலையைப் பற்றி எழுதும் தகுதி எனக்குப் பெரிதாக இல்லை. ஆயினும் இந்த ஓர் இலையைப் பற்றி எழுதியாக வேண்டும் என்று நெடுநாளாக எண்ணியிருந்தேன். ஆண்டுதோறும் நான் மாணவியருக்கு நடத்தி வந்த பாடம் ஒன்றை, நாற்பது வயதுக்கு மேல் எனக்கே கற்பித்த இலை இது!

முள்ளில்லாத் தாழை

ரம்பை, தாழையின் இனத்தைச் சேர்ந்தது. வாளைப் போல் நீண்ட பச்சை இலைகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சுற்றி எழும். ஆனால் தாழை மடலின் ஓரங்களில் கையைக் கிழிக்கும் முட்கள் இதில் இல்லை. நுனியருகே மட்டும் சில நேரம் சிறு சுணை தட்டுப்படும். கடைகளில் 'பிரியாணி இலை' என்று விற்கப்படும் காய்ந்த இலை வேறு. அது பட்டை மரத்தின் இனத்தைச் சேர்ந்த ஒரு மரத்து இலை. பெயர்க் குழப்பத்தால் அதனை வாங்கி வந்து, ரம்பையின் மணம் வரவில்லையே என்று வருந்துவோர் உண்டு.

சிங்களத்தில் இதற்கு ரம்பே என்று பெயர். மலாய் மொழியில் பண்டான். மலையாளத்தில் பிரியாணிக் கைதை என்பர். இலங்கைச் சமையலில் கறிவேப்பிலையோடு கைகோத்து நிற்பது இதுவே. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் தேங்காய்ப்பாலில் வேகும் நாசி லெமாக் சோற்றில் இதனை முடிச்சுப் போட்டு இடுகிறார்கள். தாய்லாந்தில் கோழித் துண்டுகளை இவ்விலையில் பொதிந்து பொரிக்கிறார்கள். மலாய் முஸ்லிம் வீடுகளின் திருமணங்களில், நறுக்கிய பண்டான் இலையை மலரிதழ்களோடு கலந்து வைப்பதும் வழக்கம். வாகன ஓட்டிகள் சிலர், கரப்பான் பூச்சி அண்டாதிருக்க இதனைக் கட்டாகக் கட்டி வண்டியில் போட்டு வைக்கிறார்கள்.

1983ஆம் ஆண்டில், அமெரிக்க வேதியியலார் பட்டெரியும் அவருடன் ஆய்ந்தவர்களும் இந்த இலையின் மணத்துக்குரிய பொருளைக் கண்டறிந்து வெளியிட்டனர். அதன் பெயர் 2-அசிட்டைல்-1-பைரோலின். பாஸ்மதி போன்ற நறுமண அரிசிகளுக்கு மணம் தரும் பொருளும் இதுவே என்பதுதான் வியப்பு. அரிசியில் இருப்பதைவிட இந்த இலையில் அது பன்மடங்கு மிகுதி. எளிய அரிசியோடு ஓர் இலையை இட்டு, அதனை உயர்ந்த அரிசியாக மணக்கச் செய்த நம் மூதாட்டியருக்கு வேதியியல் தெரியாது. ஆனால் சோற்றுக்கும் இந்த இலைக்கும் உள்ள உறவு தெரிந்திருந்தது!

அடுக்களையில்

செடியில் நிற்கும் பச்சை இலையை முகர்ந்தால் ஏமாற்றமே மிஞ்சும். நறுக்கி, சற்றே வாட விட்டு, நெய்யிலோ கொதிநீரிலோ இட்டால்தான் அது வாய் திறக்கும். முற்றக் காய்ந்து போனாலும் பயனில்லை, மணம் போய்விடும். ஆகவே இது சாடியில் அடைத்து வைக்கும் சரக்கன்று. கொல்லையில் செடி இருந்தால்தான் அடுக்களையில் இலை இருக்கும்.

எங்கள் உம்மா நெய்ச்சோறு ஆக்கும் முறை இது. ஒரு கிலோ சீரகச் சம்பா அரிசிக்கு இரண்டு இலைகள் போதும். இலையை விரல் நீளத் துண்டுகளாக நறுக்கிக் கொள்ள வேண்டும். நெய் காய்ந்ததும் பட்டை, கிராம்பு, ஏலக்காய் இட்டு, அவை பொரிந்தவுடன் ரம்பையைப் போட வேண்டும். இலையின் ஓரம் சுருண்டு நிறம் மாறத் தொடங்கும்போது வெங்காயம். அதன்பின் இஞ்சி பூண்டு. ஒரு பங்கு அரிசிக்கு, தேங்காய்ப்பாலும் நீருமாகச் சேர்த்து இரண்டு பங்கு. ரம்பையைக் கருக விட்டால் கசக்கும் என்பதால், அந்தக் கணத்தில் உம்மா யாருடனும் பேச மாட்டார்கள்.

நோன்புக் கஞ்சிக்கு முறை வேறு. அங்கே இலையை நறுக்குவதில்லை. முழு இலையை இரண்டாக மடித்து, முடிச்சிட்டு, அரிசி கொதிக்கும்போதே போட்டு விட வேண்டும். கஞ்சி இறக்கும்போது முடிச்சோடு எடுத்து விடலாம். சிறு பிள்ளைகளின் கோப்பையில் நார் அகப்படாது. இறைச்சி ஆணத்திலும் ஒரு துண்டு இடுவார்கள். இறைச்சியின் கவிச்சை அடங்கும் என்பது அவர்கள் கண்ட அனுபவம்.

கைமாறி வந்த செடி

உம்மாவின் வாப்பாவை நாங்கள் 'அப்பா' என்று அழைப்போம். எங்கள் ஊரார் பலரையும் போல அப்பாவும் கொழும்பில் வணிகம் செய்தவர்கள். தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பல் ஓடிக் கொண்டிருந்த காலம் அது. 1964 டிசம்பர்ப் புயலில் தனுஷ்கோடி அழிந்ததற்குச் சில ஆண்டுகள் முன்பு, அப்பா ஊர் திரும்பியபோது ஈரச் சாக்கில் சுற்றி மூன்று ரம்பைக் கன்றுகளைக் கொண்டு வந்தார்களாம். இரண்டு பட்டுப் போயின. ஒன்று பிழைத்தது. கிணற்றடி நீர் ஓடும் வழியில், பாதி நிழல் விழும் இடத்தில் உம்மும்மா அதனை ஊன்றினார்கள்.

இந்தச் செடியைப் பற்றி நான் பின்னாளில் படித்தறிந்த செய்தி ஒன்று உண்டு. ரம்பைக்கு விதை கிடையாது. ஆண் பூவே மிக அரிது. பெண் பூ தாவரவியல் நூல்களில் பதிவாகவே இல்லை. பெஞ்சமின் ஸ்டோன் என்னும் தாவரவியலார் 1978இல் இதனை ஆராய்ந்து எழுதியபோது, மனிதர் வளர்த்தால் மட்டுமே வாழும் பயிர்வகையாகவே இதனைக் குறித்தார். காற்று இதனைப் பரப்பாது. பறவை சுமந்து செல்லாது. அடித்தண்டின் பக்கத்தில் வெடிக்கும் கன்றை ஒருவர் பிரித்தெடுத்து இன்னொருவர் கையில் கொடுத்தால்தான் இது இடம் பெயரும்.

எண்ணிப் பாருங்கள் சகோதரிகளே! நம் கடற்கரை ஊர்களின் கொல்லைகளில் நிற்கும் ஒவ்வொரு ரம்பையும், யாரோ ஒருவர் இன்னொருவருக்கு மனமுவந்து கொடுத்தது. இடையில் ஒரு கை மூடிக் கொண்டிருந்தால் அந்த வழி அங்கேயே அற்றுப் போயிருக்கும்.

உம்மா இதையெல்லாம் படித்தவர்கள் அல்லர். ஆனால் கன்று கேட்டு வந்தவர்களை ஒருநாளும் வெறுங்கையோடு அனுப்பியதில்லை. "எடுக்க எடுக்கத்தான் இது பக்கத்துல வெடிக்கும். எடுக்காம விட்டா தாயும் நெரிசல்ல நோயாப் போயிடும்" என்பார்கள்.

பூட்டிய வீடு

2016ஆம் ஆண்டு உம்மா மவுத்தானார்கள். எங்கள் ஊரில் வீடு பெண் மக்களுக்கே என்பது நெடுநாளைய வழக்கம். ராத்தாவின் திருமணத்தின்போதே வாப்பா அவர்களுக்குத் தனி வீடு கட்டிக் கொடுத்திருந்தார்கள். எனவே, "இந்த வீடு சின்னவளுக்கு" என்று உம்மா பலமுறை சொல்லியிருந்தார்கள். ஆனால் உயிரோடிருக்கும்போது எழுதிக் கொடுத்து ஒப்படைக்கவில்லை. வெளிநாட்டில் இருந்த காக்கா தம் பங்கை எங்கள் இருவருக்கும் விட்டுக் கொடுத்து விட்டார்கள். மீதி இருந்தது ராத்தாவும் நானும்.

உம்மாவின் சொல்லே போதும் என்று நான் நின்றேன். ராத்தா என்னை உட்கார வைத்து அமைதியாகச் சொன்னார்கள்: "உம்மா சொன்னது மெய்தான். நானும் என் காதால கேட்டேன். ஆனா நீ ஓதிக் கொடுக்குற கிதாபுல என்ன இருக்குன்னு நீயே சொல்லு."

எனக்குத் தெரியாதா? மற்ற வாரிசுகள் மனமொப்பினாலன்றி ஒரு வாரிசுக்கு வஸிய்யத் செல்லாது என்பதை ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதிப் போடுபவள் நான். மச்சானின் வியாபாரம் நொடித்து, அந்தப் பங்கின் தேவை ராத்தாவுக்கு இருந்ததும் எனக்குத் தெரியும். தெரிந்தும், என் சொந்தப் பாடத்தைக் கொண்டே என்னை வாயடைக்கச் செய்து விட்டார்களே என்ற சினம்தான் மேலோங்கியது. "உங்களுக்குப் பணம்தானே வேணும், எடுத்துக்கிட்டுப் போங்க" என்று சொல்லி எழுந்து வந்து விட்டேன். தாய்க்கு அடுத்த நிலையில் இருந்து என்னை வளர்த்தவர்களிடம் சொன்ன சொல் அது.

2017இல் வீடு விற்கப்பட்டது. பணம் சரிபாதியாகப் பிரிந்தது. வாங்கியவர்கள் பழைய வீட்டை இடித்து, முற்றம் முழுவதும் சிமெண்டுத் தளம் போட்டார்கள். அது அவர்கள் உரிமை. குறை சொல்ல இயலாது. சாவியைக் கொடுக்கச் சென்ற நாளில் கிணற்றடியைக் கடந்துதான் போனேன். குனிந்து ஒரு கன்றைப் பிடுங்கி வர அரை நிமிடம் ஆகியிருக்காது. சினத்தில் இருப்பவள் செடியையா பார்ப்பாள்?

அந்த ஆண்டு ரமழானில் முதல் நாள் கஞ்சியை வாயில் வைத்தபோதுதான் விளங்கியது, நான் எதை இழந்தேன் என்று. கணவர் வெளியூரிலிருந்து தாழம்பூ வடிநீர் வாங்கி வந்தார். சில துளிகள் இட்டுப் பார்த்தேன். அது திருமண விருந்தின் மணம்; எங்கள் வீட்டுக் கஞ்சியின் மணமன்று. தெரிந்தவர்களிடம் கன்று கேட்டிருக்கலாம். ஆனால் யாரிடம் கேட்டாலும், "உங்க உம்மா வீட்டுலேருந்து வந்ததுதானே எங்ககிட்ட இருக்கு, உங்ககிட்ட இல்லையா?" என்ற வினா வரும். அதற்கு விடை சொல்ல நாணி, ஆறு ரமழான்களைக் கழித்தேன்.

ரைஹான் பாடம்

2023ஆம் ஆண்டு, ரமழானுக்குச் சில வாரங்களே இருந்தன. மாணவியருக்கு 'அர்ரஹ்மான்' அத்தியாயத்தை விளக்கிக் கொண்டிருந்தேன். அதன் 12ஆவது வசனத்தில், இறைவன் தன் அருட்கொடைகளைச் சொல்லி வருகையில், உமியோடு கூடிய தானியத்தையும் ரைஹான் எனும் நறுமணச் செடியையும் அடுத்தடுத்துக் குறிப்பிடுகிறான். பசிக்கு உணவு தந்ததோடு நில்லாமல் மணத்தையும் அருளினானே என்று பொருள் சொன்னேன். ரைஹானை ஒருவர் கொடுத்தால் மறுக்க வேண்டாம்; அது சுமப்பதற்கு இலேசானது, மணத்தால் இனியது என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவுறுத்திய செய்தி முஸ்லிம் நூலில் பதிவாகியிருப்பதையும் எடுத்துக் கூறினேன்.

ஒரு மாணவி எழுந்தாள். "ஆலிமா, நம்ம ஊர்ல ரைஹான் எது?"

துளசி இனத்துப் பச்சிலையைத்தான் அரபு நாடுகளில் ரைஹான் என்கிறார்கள் என்றும், மணமுள்ள செடிகள் பொதுவாக அச்சொல்லில் அடங்கும் என்றும் விடை சொன்னேன்.

"அப்ப இதுவும் ரைஹானா?" என்று தன் பையிலிருந்து ஓர் இலையை எடுத்து நீட்டினாள். கிதாபுகளுக்கிடையே கிடந்து சற்றே வாடியிருந்த ரம்பை இலை. வாடியதனால் மணந்தது! அந்த மணம் முகத்தில் பட்டதும் எனக்குப் பாடம் நின்று விட்டது.

"யார் தந்தது?" என்றேன்.

"எங்க பக்கத்து வீட்டு மாமி. அவங்க கொல்லை நிறைய இருக்கு. யார் கேட்டாலும் கன்று கொடுப்பாங்க. ஒரு வாளியில இருக்குறதை மட்டும் யாருக்கும் தர மாட்டாங்க. அது ஒருத்தருக்குன்னு வெச்சதாம்."

அந்த மாணவியின் வீடு எந்தத் தெருவில் இருக்கிறது என்பது எனக்குத் தெரியும். பக்கத்து வீடு எது என்பதும் தெரியும்.

அன்று அதற்கு மேல் பாடம் ஓடவில்லை. ஒரு முஸ்லிம் தன் சகோதரரை மூன்று நாட்களுக்கு மேல் வெறுத்து ஒதுங்கியிருத்தல் ஆகாது, இருவரில் சிறந்தவர் முதலில் ஸலாம் சொல்பவரே என்ற நபிமொழியை எத்தனை முறை இதே அறையில் விளக்கியிருக்கிறேன்! மூன்று நாட்கள் எங்கே, ஆறு ஆண்டுகள் எங்கே?

ராத்தாவின் கொல்லையில்

மறுநாள் அஸருக்குப் பின் முடுக்கு வழியாகவே போனேன். தெருவாசல் வழியாகப் போகத் துணிவில்லை. கொல்லைக் கதவு திறந்திருந்தது. ராத்தா கிணற்றடியில் குனிந்து மீன் கழுவிக் கொண்டிருந்தார்கள். தலைமுடி முழுவதும் வெளுத்திருந்தது. ஸலாம் சொன்னேன். நிமிர்ந்து பார்த்து, பதில் ஸலாம் சொல்லி, "வா, உள்ளே வா" என்றார்கள். நேற்று வந்து போனவளை அழைப்பது போலிருந்தது.

வழியெல்லாம் ஒத்திகை பார்த்த சொற்கள் ஒன்றும் வரவில்லை. "பொருந்திக்கிடுங்க ராத்தா. கிதாபு உங்க பக்கம்தான் இருந்துச்சு. எனக்குத் தெரிஞ்சேதான் பேசினேன்" என்று மட்டும் சொன்னேன்.

ராத்தா கையைக் கழுவிக் கொண்டு கொல்லை மூலைக்குப் போனார்கள். பிடி உடைந்த வாளி ஒன்றை இழுத்து வந்து என் முன்னால் வைத்தார்கள். அதில் நாலைந்து கன்றுகளோடு ரம்பை அடர்ந்து நின்றது. "வீட்டைக் கொடுக்குறதுக்கு முன்னால ரெண்டு கன்று எடுத்தேன். ஒண்ணு எனக்கு, ஒண்ணு உனக்கு. வருசா வருசம் கஞ்சிக்கு முன்னாடி வருவேன்னு பார்த்தேன். வாளி மூணாவது தடவை மாத்தியாச்சு" என்றார்கள்.

நான் அழுதேன். ராத்தா அழவில்லை. சற்று நேரம் கழித்து, "அப்ப நீ சொன்ன சொல்லு எனக்கு வலிச்சுச்சு. இல்லைன்னு சொல்ல மாட்டேன்" என்றார்கள். அவ்வளவுதான். அந்த ஒரு வாக்கியத்தைக் கேட்க வேண்டிய கடன் எனக்கு இருந்தது. கேட்டேன். பின்பு இருவரும் மஃரிபுக்கு உளூச் செய்தோம்.

நமக்கு ஒரு சொல்

இப்போது அந்த ரம்பை என் வீட்டுக் குளியலறை நீர் வெளியேறும் இடத்தில் செழித்து நிற்கிறது. கன்று ஊன்றுவோர் கவனிக்க வேண்டியது சிறிதே. ஒரு சாண் உயரமுள்ள, வேர் விட்ட பக்கக் கன்றாகத் தேர்ந்து கொள்ளுங்கள். நாள் முழுதும் வெயில் காயும் இடம் ஆகாது. மண் காயாமல் ஈரம் இருக்க வேண்டும். இலையை அடியிலிருந்து ஒவ்வொன்றாக எடுங்கள், நடுக்குருத்தைக் கிள்ளாதீர்கள். சில மாதங்களில் பக்கத்தில் கன்று வெடிக்கும். முதல் கன்றை யாருக்குக் கொடுப்பது என்று அப்போதே நிய்யத் வைத்துக் கொள்ளுங்கள்.

அன்புச் சகோதரிகளே! உம்மாமார்கள் நமக்கு விட்டுச் செல்பவை இரண்டு வகை. வீடும் நகையும் ஒரு வகை. அவற்றை இறைவன் வகுத்த கணக்கின்படி பிரித்துக் கொள்ளத்தான் வேண்டும். அதில் நாணப்பட ஒன்றுமில்லை, சினப்படவும் ஒன்றுமில்லை. மற்றொரு வகை, பிரித்தால் குறையாதது. அடுக்களை மணமும், ஓதிக் கொடுத்த துஆவும், அக்காள் தங்கை உறவும் அந்த வகை. ரம்பையைப் போலவே இவற்றுக்கும் விதையில்லை. ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குப் போகாவிட்டால் நம்மோடு முடிந்து போகும்.

ரமழான் வருவதற்குள், நீங்கள் போகாமல் விட்ட முடுக்கு ஏதேனும் இருந்தால் ஒருமுறை நடந்து போய்ப் பாருங்கள். ஆறு ஆண்டுகளை வீணாக்கியவள் சொல்கிறேன். வல்ல இறைவன் நம் உம்மாமார்களின் கபுறுகளை மணமுள்ளவையாக்கி, நம் குடும்பங்களின் உறவைத் தழைக்கச் செய்வானாக! ஆமீன்.